மினிமம் பேலன்ஸ் அபராதமும் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனும்

குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று வங்கி தப்பாக அபராதம் பிடித்திருந்தால், வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம், சிஎம்எஸ் என்ற ரிசர்வ் வங்கியின் புகார் இணையதளத்தில் வீட்டிலிருந்தே புகார் போடலாம். சில நூறு ரூபாய் அபராதத்துக்கு நுகர்வோர் ஆணையம் வரை அலைவதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படும் புகார்களும் உண்டு. முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்திருக்க வேண்டும். மேனேஜரிடம் வாயால் சொன்னது கணக்கில் வராது. வங்கி மறுத்தாலோ, 30 நாள் பதிலே தராவிட்டாலோதான் இங்கே வரலாம். புகார் எண்ணை பத்திரமாக வையுங்கள்.

"அநியாயமாகப் பிடித்துவிட்டார்கள்" என்று புலம்பினால் வேலைக்காகாது. விதியைச் சுட்ட வேண்டும். 2015 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, சேமிப்புக் கணக்கில் இருப்பு குறைந்தால் முதலில் தகவல் சொல்லி, சரிசெய்யக் குறைந்தது ஒரு மாதம் தர வேண்டும். இருப்பு எவ்வளவு குறைகிறதோ அதற்கு ஏற்பத்தான் அபராதம். அபராதத்தாலேயே கணக்கு மைனஸுக்குப் போகக் கூடாது. பாஸ்புக்கில் அபராதத்தால் மைனஸ் விழுந்திருந்தால் அந்தப் பக்கமே நல்ல சாட்சி.

கேட்கும் தொகையில் ஜிஎஸ்டியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மாதம் 500 வீதம் மூன்று மாதம் பிடித்திருந்தால் 1,500 அல்ல, 18 சதவீத வரியோடு 1,770 கேளுங்கள். ஒவ்வொரு பிடித்தத்துக்கும் தேதி போட்டு ஸ்டேட்மென்ட்டை இணையுங்கள்.

இதே விவகாரம் நீதிமன்றத்தில் இருந்தால் இங்கே எடுக்க மாட்டார்கள். தளம் ஒன்றும் வேகமில்லை. சந்தேகமிருந்தால் ரிசர்வ் வங்கியின் உதவி எண் 14448-ஐ அழைக்கலாம்.