லிஃப்ட் பண்ணின ஜிப்ஸி ஸ்டீயரிங் ஆடுதா? பில் கட்டுறதுக்கு முன்னால் இதைப் படிங்க

ராமநாதபுரத்தில் ஒரு பட்டறையில் 18,400 ரூபாயைத் தொலைத்துவிட்டு வந்து எழுதுகிறேன். பட்டறைப் பெயரைச் சொல்லப் போவதில்லை, கேட்காதீர்கள். முன்னாலும் ஸ்பிரிங் பட்டை இருக்கிற ஜிப்ஸி, பழைய ஜீப் வைத்திருப்பவர்கள், அதிலும் வண்டியைத் தூக்கி வைத்திருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

என்னுடையது செகண்ட் ஹேண்டில் வாங்கின ஜிப்ஸி. முன்னால் வைத்திருந்தவரே நீளமான ஷேக்கில் (ஸ்பிரிங் பட்டையின் ஒரு முனையைச் சேஸிஸோடு இணைக்கிற இரும்புத் துண்டு) போட்டு இரண்டு இன்ச் தூக்கி, பெரிய டயரும் மாட்டியிருந்தார். போன மாதம் மண்டபம் தாண்டி பாம்பன் பாலத்தில் அறுபதில் போகும்போது பாலத்து இணைப்பில் முன் சக்கரம் டக்கென்று ஒரு தட்டு தட்டியது, அவ்வளவுதான், இரண்டு கையாலும் பிடித்தும் முறத்தில் புடைக்கிற மாதிரி ஸ்டீயரிங் ஆடுகிறது, இரண்டு பக்கமும் கடல், பின்னால் பஸ்காரர் விடாமல் ஹாரன் அடிக்கிறார். முப்பதுக்குக் கீழே இறங்கிய பிறகுதான் அடங்கியது. பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், வீட்டுக்காரி மிச்சத்தை நடந்தே வருகிறேன் என்று கதவைத் திறந்துவிட்டாள். பக்கத்தில் புது ரயில் தூக்குப்பாலம், இங்கே தூக்கின ஜிப்ஸி. அதைத் தூக்கியவர்கள் கணக்குப் போட்டுத் தூக்கியிருக்கிறார்கள்.

பட்டறையில் ஓட்டிப் பார்க்கவும் இல்லை, ஜாக்கி போடவும் இல்லை. "லிஃப்ட் வண்டின்னா இப்படித்தான் தம்பி, டேம்பர் மாத்தணும்" என்றார். தடியான ஸ்டீயரிங் டேம்பர் (ஸ்டீயரிங் ஆட்டத்தை அடக்குகிற ஷாக் அப்சார்பர் மாதிரி ஒன்று), வீல் பேலன்சிங், கம்ப்யூட்டர் அலைன்மென்ட், கிங்பின் (முன் சக்கரம் இடம் வலம் திரும்புகிற அச்சு) பேரிங் நாலு, ஸ்டீயரிங் பாக்ஸ் ரிப்பேர் என்று வரிசையாகப் பில். வண்டியை எடுத்தபோது ஆட்டம் இல்லை, நானும் சந்தோஷமாகக் கொடுத்துவிட்டு வந்தேன். ஆனால் வளைவில் திரும்பினால் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வரவில்லை, நான்தான் இழுத்துக் கொண்டுவர வேண்டியிருந்தது. அதை அப்போதே யோசித்திருக்க வேண்டும். மூன்றே வாரம், உச்சிப்புளி பக்கம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் மறுபடி அதே ஆட்டம்.

அப்புறம்தான் கீழக்கரையில் பல வருஷமாக ஜீப் வேலை பார்க்கிற ஒரு காக்காவிடம் (இந்தப் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) போனேன். அவர் பில்லைப் பார்க்கவே இல்லை. "எப்ப ஆடுது, எதுல ஆடுது, அதைச் சொல்லு" என்றார். எழுபது எண்பதில் மட்டும் லேசாக நடுங்கி அதைத் தாண்டினால் குறைகிறது என்றால் முதலில் பேலன்சிங்கைப் பார்க்கணுமாம், அதிலும் தனுஷ்கோடி மணலில் இறக்கிவிட்டு வந்தால் ரிம்முக்கு உள்பக்கம் ஈர மணல் அப்பிக் காய்ந்து கிடக்கும், அதைச் சுரண்டி எடுத்தாலே பாதி பேருக்குச் சரியாகிவிடும் என்கிறார். பிரேக் பிடித்தால் மட்டும் ஆடினால் டிஸ்க். ஸ்டீயரிங் சும்மா இருக்க, சீட்டும் தரையும் அதிர்ந்தால் பின் சக்கரம், இல்லையென்றால் வண்டியைத் தூக்கியதில் கோணம் மாறின புரொப்பல்லர் ஷாஃப்ட் (சக்கரத்து ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற நீளத் தண்டு). என்னுடையது மாதிரி ஒரு தட்டு தட்டியதும் ஆரம்பித்து, வேகத்தைக் குறைக்கும்வரை நிற்காத ஆட்டம் என்றால் எங்கேயோ லூஸ் இருக்கிறது, டேம்பர் அதை மூடித்தான் வைக்கும்.

முதலில் வண்டி தரையில் நிற்கும்போதே என்னை ஸ்டீயரிங்கை இடமும் வலமும் கொஞ்சமாக ஆட்டச் சொல்லிவிட்டு அவர் அடியில் படுத்து டை ராட் எண்ட் (ஸ்டீயரிங் கம்பிகளின் முனை மூட்டு) ஒவ்வொன்றையும் கையால் தொட்டுப் பார்த்தார், அதில் ஒன்றுமில்லை. ஜாக்கி போட்டு, டயரை மேலேயும் கீழேயும் பிடித்து அசைத்தார். கடகடவென்று ஆடியது. பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி அசைத்தார், அப்போதும் ஆட்டம் குறையவில்லை, ஆகவே வீல் பேரிங் இல்லை, கிங்பின். "மாத்தியாச்சு காக்கா, பில் இருக்கு" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே டார்ச் அடித்துக் காட்டினார். கிங்பின் மூடி போல்ட்டுகளில் உப்புத் துரு அப்படியே பொருக்காக இருக்கிறது, ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. திறந்தால் கிரீஸ் காய்ந்து செங்கல் நிறத்தில் வருகிறது, பேரிங் உருளைகளில் குழி விழுந்திருக்கிறது. கடல் தண்ணீரில் இறக்கின புண்ணியம் என்னுடையது, மாற்றாமலே பில் போட்ட புண்ணியம் அவர்களுடையது.

இன்னொன்றும் இருந்தது. ஜிப்ஸிக்கு முன் பட்டையில் ஷேக்கில் முன்பக்கம் இருப்பதால் அங்கே நீளத்தைக் கூட்டினால் ஆக்சில் சுழன்று கேஸ்டர் (கிங்பின் பின்பக்கம் சாய்ந்திருக்கிற கோணம்) குறைந்துவிடும், ஸ்டீயரிங் நேருக்குத் திரும்புகிற குணமும் அதோடு போய்விடும். பட்டறையில் கொடுத்த அலைன்மென்ட் தாளிலேயே கேஸ்டர் சிவப்பில் இருந்திருக்கிறது, யாரும் கண்டுகொள்ளவில்லை. போதாததற்கு பாக்ஸ் ரிப்பேர் என்று மேலே இருக்கிற ஸ்க்ரூவை இறுக்கி விட்டிருக்கிறார்கள், ஸ்டீயரிங் நேருக்கு வராததுக்கு அதுவும் ஒரு காரணம். காக்கா அதைத் தளர்த்தி, நாலு பேரிங்கையும் மாற்றி ஷிம் (இடைவெளியைச் சரிசெய்கிற மெல்லிய தகடு) வைத்து, குறைந்த கேஸ்டரைக் கூட்டுவதற்காகப் பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் சாய்வாக ஆப்பு வைத்தார். ஆப்புதான், பட்டறைக்காரர் எனக்கு வைத்தது மாதிரி இல்லை. கூலியோடு 5,200 ரூபாய்.

பழைய பேரிங்குகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போனேன். முதலில் பையன் மறந்திருப்பான் என்றார். பணத்தைக் கேட்டதும், லிஃப்ட் பண்ணின வண்டியை வைத்துக்கொண்டு எங்கே போய்ப் புகார் கொடுப்பாய், உன் ஆர்சி நிலைக்குமா என்று குரலை உயர்த்தினார். வண்டியை இஷ்டத்துக்கு மாற்றியமைக்கக் கூடாது என்கிற மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு அவருக்கு மனப்பாடம், கிங்பின் மூடியைக் கழற்றத்தான் தெரியவில்லை. கடைசியில் இறங்கி வந்து, "சரி விடு தம்பி, ஒரு வாட்டர் வாஷ் ஃப்ரீயா போட்டுத் தர்றேன்" என்றார்.

எந்தப் பட்டறையிலாவது கிங்பின் வேலை செய்ததாகப் பில் வைத்திருப்பவர்கள் மேல் மூடியில் இருக்கிற நாலு போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள், பத்து நிமிஷ வேலை. உள்ளே புது கிரீஸ் இல்லையென்றால் போட்டோ எடுத்துவிட்டு மூடுங்கள். நான் எடுக்காமல் விட்டுவிட்டேன்.