முதல் சர்வர் எழுத பைத்தானின் சாக்கெட் மாட்யூல்: எங்கே கைகொடுக்கிறது, எங்கே காலை வாருகிறது

நிரல் எழுதப் பழகும் ஒருவர் முதன்முதலாக நெட்வொர்க் சர்வர் எழுதிப் பார்க்க நினைத்தால், பைத்தானோடு கூடவே வரும் சாக்கெட் மாட்யூலைத்தான் எடுக்க வேண்டும். சாக்கெட் என்பது நெட்வொர்க் இணைப்பின் ஒரு முனை. தனியாக எதையும் இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை. ஆனால் இதில் ஒரு வம்பு உண்டு. இதை வைத்து எழுதும் இருபது வரி சர்வர் முதல் ஓட்டத்திலேயே ஓடிவிடும். நிரல் சரியாக இருப்பதால்தான் ஓடுகிறது என்று நம்பிவிடக் கூடாது. ஒரே கணினிக்குள் சின்னச் சின்னச் செய்தியாக அனுப்பிச் சோதிப்பதால் பிழை கண்ணில் படாமல் இருக்கிறது, அவ்வளவுதான்.

1983-இல் 4.2பிஎஸ்டி யூனிக்ஸோடு வந்த சாக்கெட் இடைமுகத்தின் மேல் போர்த்திய மெல்லிய துணிதான் இந்த மாட்யூல். சாக்கெட், பைண்ட், லிசன், ஆக்செப்ட், ரெக்வ், சென்ட், குளோஸ் என்று பெயர்கள்கூட மாறவில்லை. இங்கே கற்பது சி மொழிக்குப் போனாலும் வீணாகாது. சி-யில் இதையே எழுதினால் முகவரிக்கு ஒரு ஸ்ட்ரக்ட் நிரப்ப வேண்டும், போர்ட் எண்ணின் (கணினிக்குள் எந்த நிரலுக்கு என்று காட்டும் எண்) பைட் வரிசையைத் திருப்ப வேண்டும். திருப்ப மறந்தால், இன்டெல் வகை சிப்பில் 9000 என்று கொடுத்த சர்வர் சத்தமில்லாமல் 10275-இல் போய் உட்கார்ந்துகொள்ளும். பைத்தானில் அந்தத் தொல்லை கிடையாது.

எழுதும் முறை இதுதான். சாக்கெட் ஒன்றை உருவாக்கி, 127.0.0.1 என்ற முகவரியிலும் 9000 என்ற போர்ட்டிலும் பைண்ட் செய்து, லிசன் சொல்லி, லூப்புக்குள் ஆக்செப்ட்டை அழைக்க வேண்டும். ஆக்செப்ட் இரண்டு பொருள்களைத் தரும்: அந்தக் கிளையன்ட்டுக்கென்றே ஒரு புதிய சாக்கெட், அதன் முகவரி. பேச்சுவார்த்தை முழுக்க இந்தப் புதிய சாக்கெட்டில்தான். பழையது வாசலில் நிற்கும் ஆள் மாதிரி, வருகிறவர்களை உள்ளே விடுவதோடு அதன் வேலை முடிந்தது. அதன் மேல், வந்த பைட்டுகளைப் படிக்கும் ரெக்வைக் கூப்பிட்டால் லினக்ஸில் எரர் 107 வரும். இணைப்பே இல்லை என்று பொருள். போர்ட் எண்ணை 1024-க்கு மேல் வையுங்கள். அதற்குக் கீழே உள்ளவற்றுக்கு யூனிக்ஸ் வகைக் கணினிகளில் வழக்கமாக நிர்வாகி உரிமை வேண்டும். டுடோரியல்களில் அடிக்கடி வரும் 5000-ஐயும் தவிர்ப்பது நல்லது. புதிய மேக் கணினிகளில் ஏர்ப்ளே ரிசீவர் அதைப் பிடித்து வைத்திருக்கும்.

தொடங்கும்போதே விழும் அடிகள் சில. நிரலை சாக்கெட் டாட் பிஒய் என்ற பெயரில் சேமித்தால், இம்போர்ட் வரி உண்மையான மாட்யூலை விட்டுவிட்டு உங்கள் கோப்பையே எடுத்துக்கொள்ளும். சாக்கெட்டில் சாக்கெட் என்ற ஆட்ரிப்யூட் இல்லை என்று எரர் திட்டும். பைண்டுக்கு முகவரியும் போர்ட்டும் ஒரே டியூப்பிளாகப் போக வேண்டும், அதனால் இரட்டை அடைப்புக்குறி கட்டாயம். ஒன்றை விட்டால், ஒரு ஆர்க்யுமென்ட்தான் வாங்குவேன், இரண்டு கொடுத்திருக்கிறீர்கள் என்று டைப் எரர் வரும்.

அடுத்தது எல்லோரும் முட்டிக்கொள்ளும் சுவர்: சர்வரை நிறுத்தி உடனே மறுபடி ஓட்டினால் "அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்". லினக்ஸில் எரர் 98, மேக்கில் 48. இணைப்பை முதலில் மூடிய பக்கம் டைம் வெயிட் என்ற நிலையில் சற்று நேரம் காத்திருக்கும், லினக்ஸில் அது 60 விநாடி. ரீயூஸ் அட்ரஸ் ஆப்ஷனை பைண்டுக்கு முன்பே வைத்துவிட்டால் தீர்ந்தது. பைண்டுக்குப் பின் வைத்துப் பயனில்லை. பைத்தான் 3.8-இல் வந்த கிரியேட்_சர்வர் ஃபங்ஷன் லினக்ஸிலும் மேக்கிலும் இதைத் தானே செய்துகொள்கிறது. விண்டோஸில் மட்டும் கையால் வைக்காதீர்கள். அங்கே அதற்கு அர்த்தமே வேறு: இரண்டு நிரல்கள் ஒரே போர்ட்டில் உட்கார அனுமதித்துவிடும், எது பதில் சொல்கிறது என்று தெரியாமல் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இனி அந்த வம்புக்கு வருவோம். இந்த சர்வர் பயன்படுத்தும் டிசிபி என்ற தொடர்பு நெறிமுறை செய்திகளைக் கொண்டு போவதில்லை, பைட்டுகளின் ஓட்டத்தைக் கொண்டு போகிறது. ஒருமுறை அனுப்பியது ஒரே ரெக்வில் வர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. இரண்டு முறை அனுப்பியது ஒன்றாக ஒட்டி வரலாம், ஒருமுறை அனுப்பியது மூன்றாக உடைந்து வரலாம். ரெக்வுக்குக் கொடுக்கும் 1024 என்பது அதிகபட்ச அளவு, அத்தனை பைட்டும் வந்து சேரும் என்ற உத்தரவாதம் அல்ல.

இதைக் கண்ணால் பார்க்க எளிய வழி உண்டு. ரெக்வின் அளவை 10 ஆக்குங்கள், வந்ததை உடனே டிகோட் செய்து அச்சிடுங்கள். இன்னொரு டெர்மினலில் நெட்கேட்டை (தட்டுவதை சர்வருக்கு அனுப்பும் சிறு கருவி) திறந்து சர்வரோடு இணைத்து, "வணக்கம்" என்று தட்டி என்டர் அழுத்துங்கள். எழுத்துகளைப் பைட்டுகளாக மாற்றும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். வணக்கத்தில் புள்ளிகளையும் சேர்த்து 7 குறியீடு, ஆக 21 பைட், வரி முடிவோடு 22. முதல் 10 பைட்டில் வ, ண, க மூன்றும் 9-ஐ எடுத்துக்கொள்ள, பத்தாவது பைட்டில் புள்ளியின் முதல் துண்டு மட்டும் தொங்கி நிற்கும். யூனிகோட் டிகோட் எரர், "பொசிஷன் 9" என்று இடத்தையும் காட்டும். ஆங்கிலத்தில் மட்டும் சோதிப்பவருக்கு இந்த எரர் வராது. தமிழில் தட்டுகிறவருக்கு முதல் நாளே பாடம் கிடைத்துவிடுகிறது.

தீர்வு, வந்த பைட்டுகளை ஒரு பஃபரில், அதாவது தற்காலிகச் சேமிப்பில், சேர்த்துக்கொண்டே போவது. வரி முடிவுக் குறி கண்ணில் பட்டால் அதுவரை உள்ளதை வெட்டி எடுத்து, அப்போதுதான் டிகோட் செய்ய வேண்டும். மீதி பஃபரிலேயே இருக்கட்டும். பஃபருக்கு 64 கேபி என்பது போல ஓர் உச்சவரம்பும் தேவை. இல்லாவிட்டால் வரியை முடிக்காமலே அனுப்பிக்கொண்டிருக்கும் ஒரு கிளையன்ட் நினைவகம் முழுவதையும் விழுங்கிவிடும். மேக்ஃபைல் என்ற மெத்தட் இந்தப் பஃபர் வேலையைத் தானே பார்த்து ரீட்லைன் வசதியைத் தரும், ஆனால் எழுதியபின் ஃபிளஷ் செய்ய மறந்தால் பதில் கிளம்பவே கிளம்பாது. நெட்கேட்டுக்குப் பதில் டெல்நெட் என்ற கருவி வழியாகச் சோதித்தால் வரி முடிவில் இரண்டு பைட் வரும். அதைக் களையாமல் "நிறுத்து" என்ற சொல்லோடு ஒப்பிட்டால் பொருந்தாது.

ரெக்வ் ஒரு பைட்டும் இல்லாமல் காலியாகத் திரும்பினால் எதிர்முனை இனி எதையும் அனுப்பாது என்று அர்த்தம். அந்த இடத்தில் லூப்பை விட்டு வெளியேறாவிட்டால் பிராசஸர் 100 சதவீதத்தில் சுழலும். அனுப்பும்போது சென்டை விட்டு சென்ட்ஆல் பயன்படுத்துங்கள். சென்ட் பாதியை மட்டும் அனுப்பிவிட்டு எத்தனை பைட் போனது என்று எண்ணைத் திருப்பித் தரலாம்.

மாட்யூலின் ஆவணத்தில் உள்ள எக்கோ உதாரணம் மீது ஒரு குறை. வந்ததை அப்படியே திருப்பி அனுப்பும் சர்வருக்குச் செய்தி எங்கே முடிகிறது என்ற கவலையே இல்லை. அதை நகலெடுத்து அரட்டை சர்வராக மாற்றுகிறவர்தான் மாட்டிக்கொள்கிறார். விளக்கம் இல்லாமல் இல்லை. சாக்கெட் புரோகிராமிங் ஹவ்டூ என்ற தனிப் பக்கத்தில் நன்றாகவே இருக்கிறது. உதாரணத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கலாம்.

இரண்டாவது கிளையன்ட்டைத் திறந்தால் அதுவும் இணைந்தது போலத்தான் தெரியும், பதில் மட்டும் வராது. இணைப்பை ஏற்று வரிசையில் வைத்தது ஆப்பரேட்டிங் சிஸ்டம். உங்கள் நிரலோ இன்னும் முதல் ஆளோடு பேசிக்கொண்டிருக்கிறது. ஆக்செப்ட் ஆனதும் கிளையன்ட்டுக்கு ஒரு த்ரெட் (நிரலுக்குள் தனியாக ஓடும் ஓர் இழை) கொடுப்பதே தொடக்கத்துக்குப் போதும், த்ரெட்கள் பகிரும் பொதுப் பட்டியலைத் தொடும் இடத்தில், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் விடும் லாக் போட வேண்டும். ஒரே த்ரெட்டில் பல இணைப்புகளைக் கவனிக்க உதவும், பைத்தான் 3.4-இல் வந்த அசின்க்ஐஓவுக்கு அவசரமில்லை. சாக்கெட்சர்வர் மாட்யூல் வசதியானதுதான், ஆனால் ஆக்செப்ட்டை மறைத்துவிடுவதால் முதலில் எடுக்க வேண்டாம்.

வேறு கணினியிலிருந்து இணைக்க 0.0.0.0-இல் பைண்ட் செய்ய வேண்டும், 127.0.0.1 என்றால் அதே கணினிக்கு மட்டும். "கனெக்ஷன் ரெஃப்யூஸ்ட்" உடனே வந்தால் பெரும்பாலும் அந்த முகவரியில் யாரும் கேட்கவில்லை. பதிலே இல்லாமல் நேரம் கடந்தால் ஃபயர்வாலைப் பாருங்கள். தெரியாத நெட்வொர்க்கில் இப்படித் திறந்து வைக்க வேண்டாம். குறியாக்கம், அடையாளச் சோதனை எதையும் இந்த மாட்யூல் தானாகச் சேர்ப்பதில்லை.

சர்வர் தேறியதா என்று பார்க்க இரண்டு கிளையன்ட் எழுதுங்கள். ஒன்று மூன்று வரிகளை ஒரே சென்ட்ஆலில் அனுப்பட்டும். மற்றது அதே மூன்று வரிகளை, பைட்டுக்குப் பைட் 0.1 விநாடி இடைவெளி விட்டு அனுப்பட்டும். இரண்டுக்கும் அதே மூன்று பதில்கள் வர வேண்டும்.