ஏற்காடு மலைப்பாதை மாடலில் ஓடும் பேருந்து: மூன்று வருடப் பயன்பாட்டு அனுபவம்

சேலம் ஜங்ஷனையும் ஏற்காடு மலைப்பாதையின் ஒரு பகுதியையும் சேர்த்துச் செய்த 1:87 (நிஜத்தில் 87இல் ஒரு பங்கு) அளவு ரயில் மாடலில், பேருந்தும் லாரியும் மூன்று வருடமாக ஓடுகின்றன. முறை, ஜெர்மனியின் மாடல் தயாரிப்பாளரான ஃபாலர் நிறுவனம் 1989இல் கொண்டுவந்த கார் சிஸ்டம்தான். சாலைக்கு அடியில் இரும்புக் கம்பி. வண்டியின் முன் அச்சோடு சேர்ந்து ஒரு சிறு காந்தம். காந்தம் கம்பியைத் தொடர்ந்து போக, முன்சக்கரம் திரும்புகிறது. பின்சக்கரத்தை மோட்டார் தள்ளுகிறது.

இத்தனை நாளில் தெரிந்தது: தகராறு வண்டியில் வருவது குறைவு, சாலையில்தான் அதிகம். முதலில் கம்பி. கட்டட வேலைக்கான கட்டுக்கம்பியைப் போடவே போடாதீர்கள். மேலே பூசும் புட்டியின் ஈரம் பட்டுத் துருப்பிடித்து, ஒரு மழைக்காலத்துக்குள் சாலை நடுவே செம்பழுப்புக் கோடு எழும்பிவிடும். வழக்கமான எவர்சில்வர் கம்பியைக் காந்தம் சரியாகப் பிடிக்காது. 25 கேஜ் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பிதான் சரி; அரை மி.மீ. தடிமன். 6 மி.மீ. எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகையில் ஒரு மி.மீ. ஆழத்துக்குக் கீறி, கம்பியை அழுத்தி, 5 செ.மீ.க்கு ஒரு சொட்டு சூப்பர் க்ளூ. மேலே சுவருக்குப் பூசும் புட்டியில் கொஞ்சம் ஃபெவிகால் கலந்து பூசினால் வெயில் காலத்தில் வெடிப்பதில்லை. 220, பிறகு 400 நம்பர் உப்புத்தாள். கம்பிக்கு மேல் புட்டி அரை மி.மீ.க்கு மேல் போனால் வளைவில் வண்டி வழி தவறும். பெயின்ட் அடிக்கும் முன்பே வண்டியை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

உண்மையான பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். மாடலில் மூன்று வைத்தாலே அந்தத் தோற்றம் வந்துவிடுகிறது. பேருந்துக்கு 20 செ.மீ. ஆரம் வேண்டும். வளைவிலேயே ஏற்றமும் வைத்தால் பின்சக்கரம் வழுக்கும். அதனால் வளைவைச் சமமாக விட்டு, ஏற்றத்தை நேர்ச்சாலையில் மட்டும் வைத்தோம்: 150 செ.மீ.க்கு 7.5 செ.மீ., அதாவது 5 சதவீதம். நான்கு நேர்ச்சாலையில் 30 செ.மீ. உயரம் கிடைக்கிறது. பேருந்தின் பின்பக்கம் வளைவில் உள்வாங்கும், 4 செ.மீ. தடத்தை அங்கே மட்டும் ஐந்தரை ஆக்குங்கள்.

மலைப்பாதையில் ஏறும் வண்டிக்குத்தான் முன்னுரிமை. அதைக் காட்டாவிட்டால் மாடலுக்கு உயிரில்லை. இறங்கும் தடத்தில் சாலைக்கு அடியில் ஒரு மின்காந்தம், வண்டிக்குள் ரீட் சுவிட்ச், அதாவது காந்தம் பக்கத்தில் வந்தால் மாறும் சுவிட்ச். ஏறும் வண்டி வரும்போது மின்காந்தம் இயங்கி, இறங்கும் வண்டியின் மோட்டாரை நிறுத்த வேண்டும். கடையில் கேட்டவுடன் கொடுக்கும் இரண்டு கால் ரீட், காந்தம் வந்தால் இணையும். நமக்கோ பிரிய வேண்டும். மூன்று கால் சேஞ்ச்ஓவர் ரீட் வாங்கி, அதன் என்.சி. காலை (காந்தம் இல்லாதபோது இணைந்திருப்பதை) பயன்படுத்துங்கள். ரீடை முன் அச்சுக் காந்தத்திலிருந்து 3 செ.மீ. தள்ளி வையுங்கள். நெருங்கினால் வண்டி கிளம்பவே கிளம்பாது. ஏறும் வண்டியை உணர ஏ3144 ஹால் சென்சார் (காந்தத்தை உணரும் சிப்) போதும். ஆனால் அது தென்துருவத்துக்கு மட்டுமே வேலை செய்யும். எல்லா வண்டியிலும் காந்தத்தை ஒரே பக்கமாக ஒட்டியிருக்க வேண்டும்.

பேட்டரி 3.7 வோல்ட், 150 எம்.ஏ.எச். (மில்லி ஆம்பியர் மணி) லிபோ, அதாவது லித்தியம் பாலிமர். டிபி4056 சார்ஜர் போர்டை வாங்கியபடியே மாட்டினால் ஒரு ஆம்பியர் பாயும், பேட்டரி உப்பிவிடும். அதிலுள்ள 1.2 கிலோ ஓம் ரெசிஸ்டரை எடுத்துவிட்டு 10 கிலோ ஓம் வைத்தால் 130 மில்லி ஆம்பியராகக் குறையும். சேலத்துச் சித்திரை வெயிலில், ஓடி முடித்த சூட்டோடு சார்ஜ் போட வேண்டாம்.

லெவல் கிராசிங்கில் கவனம் தேவை. சாலைக் கம்பி, மின்சாரம் ஓடும் தண்டவாளத்தைத் தொட்டால் ஷார்ட் ஆகும். இரு பக்கமும் ஒரு மி.மீ. இடைவெளி விடுங்கள், வண்டி தாண்டிவிடும். தண்டவாளம் காந்தம் ஒட்டாத நிக்கல் சில்வராக இருக்கட்டும். ஸ்டீல் என்றால் காந்தத்தை இழுத்து, பேருந்து தண்டவாளத்தோடு திரும்பப் பார்க்கும். சாலை நேர்குறுக்காகக் கடப்பது நல்லது.

ஐரோப்பிய பேருந்து மாடல்களில் கதவு வலப்பக்கம்; நம் ஊரில் ஓட்டினால் பயணி நடுரோட்டில் இறங்குவார். பிரிட்டனின் 1:76 மாடல்களில் கதவு இடப்பக்கம். அளவு கொஞ்சம் பெரிதானாலும் நிறுத்தத்தில் நிற்கும்போது அதுதான் பொருத்தமாக இருக்கிறது.