ஆன்லைனில் அடீனியம் வாங்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் பணம் போடுங்கள்

வயிறு எரிகிறது. 3,200 ரூபாய்! நான்கு ஒட்டு அடீனியம் (பாலைவன ரோஜா) செடிகளுக்கு முழுப் பணத்தையும் முன்னாலேயே வாங்கிக்கொண்டு, குப்பையை என் தலையில் கட்டிவிட்டார் ஒருவர்.

சமூக வலைதளத்தில் செடி விற்கிற பக்கம் அது. அடுக்கு இதழ்ப் பூக்கள், குண்டு குண்டாக அடித்தண்டு, எல்லாம் அழகான படங்கள். படத்தை மட்டும் நம்பவில்லை, போன் செய்து பேசினேன். "எந்த ஏரியாக்கா?" என்றார். வேளச்சேரி என்றேன். "மொட்டை மாடியில எத்தனை மணி நேரம் வெயில் விழும்? வெயிலை எவ்வளவு வேணாலும் தாங்கும்கா, ஐப்பசி கார்த்திகை மழையில மட்டும் நனைய விடாதீங்க, வேர் அழுகிடும்" என்றார். அத்தனையும் சரியான பேச்சு. இவ்வளவு தெரிந்தவர் ஏமாற்ற மாட்டார் என்று அப்போதே ஜிபே செய்தேன்.

பார்சல் வந்தது. ஈரமான கோகோபீட்டை (தென்னை நார்த்தூள்) திணித்து, பாலித்தீன் கவரில் டேப் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தார். பிரித்ததுமே நாற்றம். அடித்தண்டை விரலால் அழுத்தினால் அழுகின முள்ளங்கி மாதிரி உள்ளே போகிறது. இரண்டில் வேரே இல்லை, ஒடித்த கிளையைச் செருகி அனுப்பியிருக்கிறார். ஒட்டுக் கட்டிய தழும்பு ஒன்றில்கூட இல்லை.

கேட்டால், "கூரியர் லேட்டு, நான் என்னக்கா பண்றது?" அடீனியம் தண்டிலேயே தண்ணீரைச் சேர்த்து வைக்கிற செடி. மண்ணை உதறி, வேரை உலர்த்தி, காகிதத்தில் சுற்றி அனுப்பினால் ஒரு வாரம் தாராளமாகத் தாங்கும். ஈரத்தோடு மூச்சு முட்டக் கட்டியதால் அழுகியது. இதைச் சொன்னதும், "நிழல்ல வைங்க, துளிர்க்கும்" என்றார். அப்புறம், "பிரிக்கும்போது வீடியோ எடுத்தீங்களா? இல்லன்னா ரீஃபண்ட் கிடையாது" என்றார். பணம் வாங்கும்போது இந்தப் பேச்சே இல்லை! அடுத்து அனுப்பியதையெல்லாம் பார்த்துவிட்டுப் பதிலே போடவில்லை. இன்று காலை பிளாக் செய்துவிட்டார். டியூஷன் எடுத்துச் சேர்த்த 3,200 ரூபாய் அது.

சைபர் குற்றப் புகார் எண் 1930-க்கு அழைத்துப் புகார் கொடுத்திருக்கிறேன். நீங்களாவது உஷாராக இருங்கள். முழுப் பணத்தை முன்னால் அனுப்பவே அனுப்பாதீர்கள். அன்றைய தேதியைச் சீட்டில் எழுதிச் செடியருகே வைத்து, ஒட்டுத் தழும்பு தெரிகிற மாதிரி படம் கேளுங்கள். நீல அடீனியம் என்று விற்றால் பேச்சை வளர்க்காதீர்கள், அப்படி ஒரு பூவே கிடையாது. அழுகலை வெட்டும்போது கையுறை போடுங்கள், அதன் பால் விஷம்.

இன்னும் எழுதலாம், பொறுமை இல்லை. தங்கை போனில் பார்த்தேன், அதே படங்களைப் போட்டு இப்போதும் ஆர்டர் எடுத்துக்கொண்டிருக்கிறார்.