சால்வேஜ் டைட்டில் பிரியஸ்: ஏழு வருடம் ஓட்டிய பிறகு

2017 மார்ச்சில் வாங்கிய 2012 மாடல் டொயோட்டா பிரியஸ், பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் உள்ள ஹைபிரிட் கார். வாங்கும்போது 64,000 மைல் ஓடியிருந்தது. ஏழு வருடம் ஓட்டியாகிவிட்டது, இப்போது 1,71,000. கொடுத்த விலை 7,200 டாலர். அன்றைக்கு டெக்ஸாஸில் டாலஸ் பக்கம் அதே வருட மாடல், அதே ஓட்டம், கிளீன் டைட்டில் (உரிமைப் பத்திரத்தில் சேத முத்திரை இல்லாத) வண்டி எதுவும் 11,000-க்குக் கீழே என் கண்ணில் படவில்லை. அந்த விலைக் குறைப்புக்குக் காரணம் டைட்டிலில் இருந்த ஒரே சொல். விபத்தில் சிக்கி, சேதம் அதிகம் என்று 'சால்வேஜ்' முத்திரை விழுந்து, பழுது பார்க்கப்பட்டு 'ரீபில்ட்' என்று பதிவான வண்டி இது. இணையத்தில் பார்த்துவிட்டு, மூன்று மணி நேரம் ஓட்டிக்கொண்டு ஓக்லஹோமா சிட்டிக்குப் போய் எடுத்துவந்தேன். இப்படி வாங்கலாமா என்று டாலஸை ஒட்டிய எங்கள் இர்விங்கில் தெரிந்தவர்கள் இன்னமும் கேட்கிறார்கள். வாங்கலாம். ஆனால் பழுது பார்ப்பதற்கு முன்பு எடுத்த படங்களைப் பார்க்காமல் அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீர்கள்.

அந்தப் படங்கள் பெரும்பாலும் கிடைத்துவிடும். இன்சூரன்ஸ் கம்பெனி 'டோட்டல் லாஸ்' (பழுது பார்த்துக் கட்டுபடியாகாது) என்று ஒதுக்கும் வண்டிகள் காப்பார்ட், ஐஏஏ போன்ற ஏலத் தளங்களுக்குத்தான் போகின்றன. ஏலத்துக்கு எடுத்த படங்கள் வண்டி கைமாறிய பிறகும் இணையத்தில் எங்காவது கிடக்கும். வண்டியின் அடையாள எண்ணான 17 இலக்க வின் எண்ணை அப்படியே தேடலில் போட்டுப் பாருங்கள். என் வண்டிக்கு 11 படங்கள் கிடைத்தன. முன்பக்கம் இடது மூலை நசுங்கி, பானெட் மடிந்து, ஹெட்லைட் தொங்கிக்கொண்டிருந்தது. ஏர்பேக் வெடிக்கவில்லை. பின்பக்கம், அதாவது ஹைபிரிட் பேட்டரி இருக்கிற இடத்தில், ஒரு கீறல்கூட இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் விற்பவருக்கு போன் செய்தேன்.

எந்த மாநிலத்தில் சால்வேஜ் ஆனது என்பதையும் பாருங்கள். பலர் கவனிக்காத விஷயம் இது. ஓக்லஹோமா சட்டப்படி, பழுதுச் செலவு வண்டி மதிப்பில் 60 சதவீதத்தைத் தாண்டினாலே அது சால்வேஜ். டெக்ஸாஸில் செலவு வண்டியின் முழு மதிப்பையே தாண்டினால்தான். கம்பெனிகள் அந்த வரம்புக்கு முன்பே கைகழுவிவிடுவதும் உண்டு என்றாலும், ஒரே முத்திரை இரண்டு மாநிலத்திலும் ஒரே அளவு சேதத்தைக் குறிக்காது. நான் மாநில எல்லையான ரெட் ஆற்றைத் தாண்டி ஓக்லஹோமாவுக்குப் போய் வண்டி தேடியதற்குக் காரணம் அதுதான்.

வெள்ளத்தில் நின்ற வண்டி மட்டும் வேண்டவே வேண்டாம், எந்த விலைக்கும். நான் வாங்கிய அதே வருடம் ஆகஸ்டில் ஹார்வி புயல் ஹூஸ்டனை மூழ்கடித்தது. லட்சக்கணக்கான கார்கள் தண்ணீரில் நின்றன. இரண்டு மாதம் கழித்து, என்னோடு வேலை பார்த்த தம்பி ஒருவர் கூப்பிட்டார்.

"அண்ணா, 2015 கேம்ரி ஹைபிரிட், ஒம்பதாயிரத்துக்கு வருது. அடியே படல, ஒரு கீறல் கிடையாது."

"கீறலே இல்லாத வண்டியை எதுக்குப்பா டோட்டல் லாஸ் பண்ணாங்க? டிரைவர் சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க."

இழுத்துப் பார்த்தார். வெளியே தெரிகிற பகுதி புதுசு மாதிரி இருந்ததாம். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் ஒரு கோடு, அதற்குக் கீழே முழுக்க மண் நிறம். அந்தக் கோடுவரை தண்ணீர் நின்றிருக்கிறது. கேம்ரியிலும் சரி, பிரியஸிலும் சரி, பேட்டரி பின்சீட்டை ஒட்டித்தான் இருக்கிறது. தண்ணீர் புகுந்தால் செல்களை இணைக்கும் செம்புப் பட்டைகள் பச்சை பூக்கும். இன்று ஓடும், ஆறு மாதத்தில் படுத்துவிடும். அவர் வாங்காமல் திரும்பினார். எனக்கு இன்றைக்கும் அதில் நிம்மதி.

இனி நான் கோட்டை விட்ட இடம். விபத்தின் அளவைப் பார்த்தேன், பழுது பார்த்த விதத்தைக் கேட்கவில்லை. வாங்கிய வருடமே ஜூலையில், வெயில் நூறு டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டிய ஒரு மதியம், டேஷ்போர்டில் சிவப்பு முக்கோணம் எரிந்தது. வண்டி வழக்கம்போல ஓடியது, அதனால் மளிகைக் கடையில் நிறுத்தி இறங்கிவிட்டேன். திரும்பி வந்து ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால், வண்டி ஓடத் தயார் என்று காட்டும் 'ரெடி' விளக்கு வரவில்லை. பின்சீட்டில் நாலு வயது மகள், ஏசி இல்லை, பைகளில் பால் சூடேறிக்கொண்டிருந்தது. டோ டிரக் வர ஒன்றரை மணி நேரம் ஆனது.

ஹைபிரிட் மட்டுமே பார்க்கிற ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். வண்டியின் கம்ப்யூட்டர் காட்டிய பிழைக் கோட் பி0ஏஏ6, துணைக் கோட் 611. உயர் அழுத்த மின்சாரம் எங்கோ பாடிக்குக் கசிகிறது, கசிகிற இடம் ஏசி கம்ப்ரசர் என்று அர்த்தம். பிரியஸில் கம்ப்ரசரை பெல்ட் சுழற்றுவதில்லை. பேட்டரியின் 200 வோல்ட்டிலிருந்து மின்சாரம் எடுத்து ஓடுகிற மோட்டார் அதற்குள்ளேயே இருக்கிறது. மோட்டார் சுருள் எண்ணெயில் நனைந்தபடி இருப்பதால், மின்சாரம் கடத்தாத என்டி-11 என்ற எண்ணெயைத்தான் ஊற்ற வேண்டும். சாதாரண கார்களுக்கு ஊற்றுகிற பிஏஜி எண்ணெய் கொஞ்சம் கலந்தாலே இன்சுலேஷன் பாழாகும். அவர் ஏசி குழாயைக் கழற்றி ஒரு வெள்ளைத் துணியில் இரண்டு சொட்டு விட்டுக் காட்டினார். பளிச்சென்ற மஞ்சள் பச்சை. கசிவு கண்டுபிடிக்கச் சாயம் கலந்த பிஏஜி எண்ணெய் அது. விபத்தில் முன்பக்கம் இருக்கிற ஏசி கண்டென்சர் உடைந்திருக்கிறது; மாற்றியவர் சாதாரண காருக்குச் செய்வதுபோலவே எண்ணெயும் கேஸும் ஏற்றியிருக்கிறார். மார்ச்சில் ஏசி தேவைப்படாததால் எனக்குத் தெரியவில்லை. கம்ப்ரசர், கண்டென்சர், குழாய்கள் எல்லாம் மாற்ற 1,850 டாலர். மிச்சம் பிடித்ததில் ஏறக்குறைய பாதி அதிலேயே போனது. முன்பக்கம் அடிபட்ட ஹைபிரிட் என்றால், ஏசியில் என்ன எண்ணெய் ஊற்றினார்கள் என்று கேளுங்கள், பில்லைக் காட்டச் சொல்லுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்க வேண்டாம்.

அதன் பிறகு வந்த செலவு எதற்கும் விபத்துக்கும் சம்பந்தமில்லை. 1,20,000 மைலில், எஞ்சின் புகையில் ஒரு பகுதியைக் குளிரவைத்து எஞ்சினுக்கே திருப்பி அனுப்புகிற ஈஜிஆர் கூலரைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். என்னுடையது போன்ற மூன்றாம் தலைமுறை பிரியஸில் அது கரி அடைத்து எஞ்சினின் ஹெட் கேஸ்கெட்டைக் காலி செய்யும் என்பது ஊரறிந்த குறை. 1,48,000-ல் பி0ஏ80 கோட் வந்தது, ஹைபிரிட் பேட்டரி போய்விட்டது. பேட்டரிக்குள் இருக்கிற 28 மாட்யூலில் கெட்டதை மட்டும் மாற்றினால் 600 டாலரில் முடியும் என்றார்கள். ஒன்றை மாற்றினால் இரண்டு மாதத்தில் இன்னொன்று போகும் என்பதால் புது பேக் போட்டேன், 2,300. மைலேஜ் இன்றும் காலனுக்கு 47 மைல், அதாவது லிட்டருக்கு 20 கிலோமீட்டர்.

காகித வேலை சிரமம்தான். வங்கி கடன் தர மறுத்தது, முழுப் பணமும் கையிலிருந்து போனது. ஃபுல் கவரேஜ் கேட்டதற்கு இரண்டு இன்சூரன்ஸ் கம்பெனிகள் முடியாது என்றன. மூன்றாவது சம்மதித்தது, மறுபடி டோட்டல் ஆனால் குறைத்துத்தான் தருவோம் என்ற நிபந்தனையோடு. சால்வேஜ் ஆனதோடு தயாரிப்பாளரின் வாரண்டியும் போய்விடும். ரீகால் (தயாரிப்புக் குறையைக் கம்பெனியே சரிசெய்து தருவது) மட்டும் டைட்டிலைப் பார்ப்பதில்லை: பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்ப மாற்றுகிற இன்வெர்ட்டருக்கு 2014-ல் அறிவித்த ரீகாலை டீலரிடம் பைசா செலவில்லாமல் முடித்தேன்.

அடுத்த கோடையில் விற்கலாம் என்றிருக்கிறோம். ரீபில்ட் டைட்டிலுக்கு என்ன விலை கிடைக்குமோ அதுதான் கிடைக்கும், அதில் எனக்கு வருத்தமில்லை. அந்த 11 படங்கள், ஏசி பில், பேட்டரி பில், ஈஜிஆர் வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள் எல்லாம் ஒரு ஃபைலில் போட்டு கிளவ் பாக்ஸில் வைத்திருக்கிறேன். பார்க்க வருகிறவர் கையில் சாவிக்கு முன்பு அந்த ஃபைலைத்தான் கொடுப்பேன்.