புறநகர் மல்டிபிளெக்ஸா, ஊருக்குள் இருக்கும் ஒற்றைத் திரையா?

ஊருக்குள் இருக்கும் ஒற்றைத் திரை தியேட்டரை விட்டுவிட்டு, புறநகர் வணிக வளாகத்து மல்டிபிளெக்ஸுக்குத்தான் இப்போது போகிறேன். வண்டி நிறுத்த இடம், ஏசி, கழிப்பறை ஆகியவற்றில் மல்டிபிளெக்ஸ் முந்தும். தொலைவு, டிக்கெட், கேண்டீன் விலை ஆகியவற்றில் ஒற்றைத் திரை முந்தும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது திரையில் விழும் வெளிச்சம். அதாவது, அதை எவ்வளவு ஒழுங்காகப் பராமரிக்கிறார்கள் என்பது.

டிஜிட்டல் சினிமா தரப்படி, த்ரீடி அல்லாத படத்துக்குத் திரையின் நடுவில் சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் வேண்டும். இருட்டுக் காட்சியில் எது தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்று படத்தின் நிறத்தையும் வெளிச்சத்தையும் சரிசெய்யும் கலரிஸ்ட் முடிவு செய்வது இந்த அளவை நம்பித்தான். ஆனால் பழைய ப்ரொஜெக்டரில் இருக்கும் செனான் விளக்கு ஓட ஓட மங்கும். கரண்டைக் கூட்டிக் கொஞ்ச நாள் சமாளிக்கலாம், அப்புறம் மாற்றியே ஆக வேண்டும். 1,000 மணி நேர விளக்கு, நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் மூன்று மாதம்கூடத் தாங்காது. விளக்கோ விலை அதிகம், மங்கலுக்கு நம் கண்ணும் பழகிவிடும், யாரும் புகார் சொல்வதில்லை. ‘இன்னும் ஒரு மாதம் ஓடட்டும்’ என்று தள்ளிப்போட இது போதாதா? திரை பெரிதாக இருந்தால் அதே வெளிச்சம் இன்னும் பரந்து நீர்த்துப்போகும். ஒற்றைத் திரைக்கு அடி விழுவது இங்கேதான்.

புது மல்டிபிளெக்ஸ்களில் லேசர் ப்ரொஜெக்டர் வந்துவிட்டது. வெளிச்சம் பாதியாகக் குறைய 20,000 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், அதே கணக்கில் நாலரை ஆண்டு. லேசரும் மங்கத்தான் செய்யும். ஃபில்டரில் தூசி சேரும், ஆபரேட்டர் அறைக் கண்ணாடியைத் துடைக்க ஆள் வேண்டும். ஆனால் மாதா மாதம் ஒருவர் கஞ்சத்தனம் பண்ணுவதற்கான வாய்ப்பு இல்லை. எனக்கு அது பெரிய நிம்மதி.

சோதித்துப் பார்ப்பது சுலபம். இரவுக் காட்சியில் கருப்புச் சட்டைக்காரர் சுவரோரம் நிற்கும்போது சட்டையின் மடிப்பும் பொத்தானும் தெரிகின்றனவா, இல்லை தலை மட்டும் மிதக்கிறதா என்று பாருங்கள். வெள்ளை வானம் வந்தால் திரையின் மூலைகளைப் பாருங்கள். நடு பளிச்சென்றும் ஓரம் அழுக்காகவும் இருந்தால், அது பெரும்பாலும் த்ரீடிக்காகப் போட்ட, வெள்ளி நிறப் பூச்சுள்ள திரை.

மல்டிபிளெக்ஸிலும் குறை உண்டு. பழைய தியேட்டரில் படத்தின் அகலத்துக்கு ஏற்பக் கருப்புப் படுதா நகர்ந்து வந்து சட்டம் கட்டும். புதியவற்றில் பலவற்றில் அது கிடையாது, அகலப் படம் போட்டால் மேலும் கீழும் சாம்பல் பட்டை நிற்கிறது. பக்கத்து அரங்கின் இடி சத்தம் சுவர் தாண்டி வருவதும் உண்டு. ஆபரேட்டர்களும் குறைந்துவிட்டார்கள். 1963-இல் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டி வணிக வளாகம் ஒன்றில் இரண்டு திரைக்கு ஒரே ஆபரேட்டர் அறை வைத்தார்கள். இன்று எல்லா அரங்குகளையும் கம்ப்யூட்டரே ஓட்டுகிறது. ஃபோகஸ் விலகினால் பார்க்க உள்ளே ஆள் இல்லை, நாம்தான் எழுந்து போய்ச் சொல்ல வேண்டும்.

ஒரே கட்டடத்தில் எல்லா அரங்குகளும் ஒன்றல்ல. பெரிய அரங்கில் லேசரும் சின்னதில் பழைய செனானும் இருக்கலாம், புக் பண்ணும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். நான் போகும் வளாகம் புதுசு. பழசானபின் இதே கவனிப்பு இருக்குமா என்று இப்போதே சொல்ல முடியாது.

ஊருக்குள் இருக்கும் தியேட்டரிலும் லேசர் மாட்டி, படுதாவையும் ஒழுங்காக வைத்திருந்தால், சந்தேகமே வேண்டாம், அங்கேயே போங்கள். அந்த அகலத் திரைக்கு மல்டிபிளெக்ஸில் ஈடு கிடையாது.