மிதக்கும் பிள்ளையும் சோறு போடும் தாயும்: 'மூவிங்' கொரியத் தொடர்

மகன் பறந்துவிடக் கூடாது என்பதற்காகவே வேளைக்கு வேளை வயிறு முட்டச் சோறு போட்டு, புத்தகப்பையிலும் எடையை ஏற்றிப் பள்ளிக்கு அனுப்புகிற ஒரு தாய்தான் 'மூவிங்' தொடரைத் தாங்கி நிற்கிறாள். பொங்சோக் என்னும் அந்தப் பையனுக்கு மனம் சற்றே துள்ளினாலும் கால் தரையில் நிற்காது. வகுப்பில் புதிதாகச் சேர்ந்த ஹுய்சூ பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் மேலே எழும்பத் தொடங்கும் உடம்பை அடக்க, அவன் கணக்கில் வரும் 'பை' என்னும் மாறிலியின் மதிப்பை 3.14159 என்று இலக்கம் இலக்கமாக வாய்க்குள் முணுமுணுக்கிறான். இந்த வேடத்துக்காக நடிகர் லீ ஜுங்ஹா ஏறக்குறைய 30 கிலோ எடை கூட்டினார். அந்தப் பருமனும் வெட்கமும் சேர்ந்துகொள்ள, ஆகாயத்தில் மிதக்கும் பிள்ளையை நாம் கேள்வி கேட்காமல் நம்பிவிடுகிறோம்.

டிஸ்னி பிளஸ் தளத்தில் முதல் 7 பாகங்கள் 2023 ஆகஸ்டு 9 அன்று ஒன்றாக வெளிவந்தன. செப்டம்பர் 20 அன்று 20 பாகங்களும் நிறைவடைந்தன. நான் காலம் தாழ்த்தித்தான் பார்த்தேன். பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிப் பல ஆண்டுகள் ஆகியும் நாங்கள் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் இந்த மலேசிய ஊரில், செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே இருக்கும் எங்கள் வரிசை வீடுகளுக்கு மழை பெய்தால் இணையம் வராது. ஆகவே இரண்டிரண்டு பாகங்களாக முன்கூட்டியே பதிவிறக்கி, மலாய் வசன வரிகளோடு பார்த்தோம். முதல் நாள் இரவு, சமையற்கட்டில் இருந்த என் அம்மா, "யாரோட புள்ள அப்பா அப்பான்னு கத்துது?" என்று கேட்டுக்கொண்டே வெளியே வந்தார். கொரியரும் தந்தையை அப்பா என்றுதான் அழைக்கிறார்கள் என்று சொன்னதும், அதன் பிறகு ஒரு பாகத்தையும் அவர் விடவில்லை.

தன் பிள்ளையின் திறமையை ஊருக்குக் காட்டிப் பெருமை கொள்ளாமல் மூடி மறைக்கும் தாயை, ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டி எங்களை வளர்த்த அம்மாவுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மில் நான் நல்ல தேர்ச்சி பெற்ற செய்தியை, கண் பட்டுவிடும் என்று ஒரு வாரம் வரை பக்கத்து வீட்டில்கூடச் சொல்லாதவர் அவர். தொடரில் வரும் தாய் மிஹ்யோனின் அச்சம் கண்ணேறு பற்றியதன்று. அரசாங்க உளவுத்துறை பற்றியது. தொலைவில் நடப்பதையும் கேட்கும் செவியும் கூரிய பார்வையும் கொண்ட அவளும், பறக்கத் தெரிந்த அவள் கணவன் தூசிக் என்பவனும் அந்தத் துறையில் வேலை செய்தவர்கள். ஆற்றல் பிள்ளைக்கும் இறங்கியிருப்பது தெரிந்தால் அவனையும் கொண்டுபோய்விடுவார்கள் என்பதனால்தான், பொரித்த இறைச்சி விற்கும் சிறிய கடை ஒன்றை வைத்துக்கொண்டு அவள் ஒதுங்கி வாழ்கிறாள். மிஹ்யோனாக நடிக்கும் ஹன் ஹியோஜூ அந்தக் கடையின் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்றபடியே காதால் மகனைத் தேடும் காட்சிகளில் வசனம் மிகக் குறைவு. தலையை இலேசாகச் சாய்த்து அவர் நிற்பதைக் கண்டதும் நமக்கும் ஏதோ கேட்பது போலாகிறது.

எட்டாம் பாகத்திலிருந்து கதை பெற்றோரின் இளமைக்குத் திரும்புகிறது. இங்கேதான் தொடர் உண்மையில் உயர்கிறது. எந்தக் காயமும் தானே ஆறிவிடும் உடம்பு கொண்ட, ஹுய்சூவின் தந்தை ஜூவொன், வழி தெரியாமல் தடுமாறும் ஒரு முரட்டு மனிதன். விடுதி அறையில் சண்டை நாவல்களைப் படித்துக்கொண்டு கிடப்பவன். அவனுக்கு மோட்டார் சைக்கிளில் கோப்பி கொண்டுவரும் ஜிஹீயோடு வளரும் காதலை இரண்டு பாகங்களுக்கு மேல் நிதானமாக விரிக்கிறார்கள். அவள் விபத்தில் இறந்தபின், மருத்துவமனையில் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் சுற்றி அலைந்து, பிறகு பிள்ளையைப் போல் வாய்விட்டு அழும் ஜூவொனாக நடித்த ரியூ சுங்ரியோங்கைப் பார்த்து என் அம்மா முந்தானையை எடுத்துக்கொண்டார். மளிகைக்கடை வாசலில் மகன் வரும்வரை உட்கார்ந்திருக்கும் இன்னொரு மாணவனின் தந்தை ஜேமான் அதிகம் பேசுவதில்லை. ஆயினும் மனத்தில் நிற்கிறார்.

குறைகளும் உண்டு. கூரியர் ஊழியன் போல வேடமிட்டு வரும் ஃபிராங்க் என்னும் கொலையாளியின் பகுதிகள் முன்பாதியில் நீண்டுகொண்டே போகின்றன. அவற்றில் இரத்தம் அதிகம் என்பதால் சிறு பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க முடியாது. கடைசிப் பாகங்களில் வடகொரியர்கள் பள்ளிக்கூடத்துக்குள் புகுந்ததும் சுவர் இடிவதும் எலும்பு முறிவதுமாகவே நேரம் கழிகிறது. போதாக்குறைக்கு, சண்டை உச்சத்தில் இருக்கும்போது எதிரணியின் முன்கதைகளையும் நுழைக்கிறார்கள். அவர்களும் கட்டாயத்தின்பேரில் வந்தவர்களே என்பது நல்ல எண்ணந்தான்; ஆனால் அதைப் பத்துப் பாகங்களுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். காங்ஃபுல் 2015இல் வரைந்த இணையச் சித்திரக்கதைக்கு அவரே திரைக்கதையும் எழுதியதால், எதையும் வெட்ட மனம் வரவில்லை போலும். அந்தத் திரைக்கதைக்கும், தொடருக்கும், புதுமுக நடிகர் என்ற வகையில் லீ ஜுங்ஹாவுக்கும் 2024ஆம் ஆண்டின் பேக்சாங் என்னும் கொரியக் கலை விருதுகள் கிடைத்தன. முதல் 15 பாகங்களை வைத்துப் பார்த்தால் அவை பொருத்தமானவையே.

இரண்டாம் பருவமும் வரும் என்று டிஸ்னி அறிவித்திருக்கிறது. அதில் பள்ளிக்கூடச் சண்டையைக் குறைத்து, மிஹ்யோனின் கடையில் கூடுதலாக நாலு காட்சி வைத்தால் போதும் என்கிறார் அம்மா. நானும் அந்தக் கட்சிதான்.